கப்பலின் கழிவறை: கடலும் காற்றும்

படகு மூழ்கியது என்றதும் நம் மனத்தில் புயலும் மலை போன்ற அலையும் பாறையும்தான் தோன்றுகின்றன. ஆனால் மேல்நாட்டுத் துறைகளில் உல்லாசப் படகுகளைப் பழுது பார்ப்பவர்களைக் கேட்டால் வேறு கதையும் சொல்வார்கள். காற்றே இல்லாத அமைதியான இரவு. துறையில் கயிறு போட்டுக் கட்டிய படகு. அதில் ஆள் கிடையாது. காலையில் வந்து பார்த்தால் பாய்மரம் மட்டும் நீருக்கு மேல் நிற்கிறது! படகைத் தூக்கி ஆராய்ந்தால் உடலில் விரிசலோ ஓட்டையோ இல்லை. பின் எவ்வழியாகத் தண்ணீர் வந்தது? சில வேளைகளில் கழிவறை வழியாக!

கழிவறையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். வீட்டில் தண்ணீரை ஊற்றியதும் கழிவு கண்ணை விட்டு மறைந்துவிடுகிறது. பிறகு அது எங்கே போகிறது என்று நாம் கவலைப்படுவதில்லை. கப்பலில் அந்த வசதி இல்லை. நாம் தூங்கும் கட்டிலுக்குச் சில அடி தூரத்தில், ஒரு தொட்டிக்குள், கழிவு நம்முடனேயே பயணம் செய்கிறது. அதை வெளியே விடுவதற்காக வைத்த வழி, கடல் உள்ளே வரவும் வழியாகும். தொட்டியில் உண்டாகும் வாயு சில நொடிகளில் ஆளைக் கொல்லும். ஆகவே கப்பலோட்டிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

பழைய பாய்மரக் கப்பல்களில் தொல்லை குறைவு. கப்பலின் அணியத்தில், அதாவது முன்முனையில், துளையிட்ட பலகைகள் இருக்கும். மாலுமிகள் அங்கே போய் உட்காருவார்கள், அலை கழுவிவிடும். அணியத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பாய்மரக் கப்பல் பெரும்பாலும் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ காற்று வாங்கி ஓடும். எனவே நாற்றம் கப்பலுக்குள் வராமல் முன்னோக்கிப் போய்விடும். ஆங்கில மாலுமிகள் இன்றும் கப்பலின் கழிவறையை 'ஹெட்', அதாவது 'தலை' என்றே சொல்கிறார்கள். கப்பலின் தலைப்பகுதியில் இருந்ததால் வந்த பெயர் அது. புயல் நேரத்தில் அங்கே போய் வருவது எவ்வளவு ஆபத்து என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

நீர்மட்டத்துக்குக் கீழே

பின்னர் கழிவறை கப்பலின் உள்ளே வந்தது. சிறிய படகின் அறைகள் பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழேதான் அமைகின்றன. கழிவறைக் கிண்ணத்தின் விளிம்பும் பல படகுகளில் கடலின் மட்டத்தைவிடத் தாழ்ந்தே இருக்கிறது. நம் வீட்டில் கழிவு தானாகக் கீழே ஓடும். இங்கே மேலே தள்ளியாக வேண்டும். அதற்காகக் கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு கைப்பம்பு இருக்கிறது. ஒரு குழாய் கடலிலிருந்து நீரை இழுத்துக் கிண்ணத்தைக் கழுவுகிறது. இன்னொரு குழாய் கழிவை வெளியேற்றுகிறது. இரண்டு குழாய்களுக்கும் படகின் அடியுடலில் துளை போட்டிருக்கிறார்கள்.

கடலில் மிதக்கும் ஒன்றில் வேண்டுமென்றே துளை போடுவதா? அந்தத் துளையின் பலத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே, 25 மில்லிமீட்டர் (ஓர் அங்குலம்) விட்டமுள்ள துளை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீர் நொடிக்கு ஏறத்தாழ 3.4 மீட்டர் வேகத்தில் பாயும். துளையின் ஓரத்தில் நீரோட்டம் சுருங்குவதைக் கழித்தாலும், நொடிக்கு ஒரு லிட்டர் உள்ளே வருகிறது. நிமிடத்துக்கு 60 லிட்டர். ஒரு மணி நேரத்தில் மூன்றரை டன்! சிறிய படகு ஒன்று மூழ்க ஓர் இரவு வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு துளையிலும் ஓர் அடைப்பு வால்வு பொருத்தப்படுகிறது. மாலுமிகள் இதைச் 'சீகாக்' என்கிறார்கள். கழிவறையைப் பயன்படுத்தியபின் இதை மூட வேண்டும் என்பது முதல் விதி. எல்லோரும் மறந்துபோகும் விதியும் இதுதான்.

மூட மறந்தால் என்ன ஆகும்? மண்ணெண்ணெய்ப் பீப்பாயிலிருந்து ரப்பர்க் குழாயால் எண்ணெய் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை வாயால் உறிஞ்சிவிட்டால் போதும். பிறகு எண்ணெய் தானே மேலேறி, வளைந்து, கீழே வழியும். இதுதான் வடிகுழாய்த் தத்துவம். கழிவறையில் கைப்பம்பே அந்த உறிஞ்சும் வாய். பம்பை நிறுத்திய பிறகும், அதன் வால்வுகள் தேய்ந்திருந்தால், கடல்நீர் குழாய் வழியாகக் கிண்ணத்துக்குள் வந்துகொண்டே இருக்கும். கிண்ணம் நிரம்பும்; வழியும். முக்கால் அங்குலக் குழாய் சத்தம் போடாது. அதனால்தான் யாரும் விழிப்பதில்லை.

இதைத் தடுக்கும் உபாயம் மிக எளியது. குழாயை நேராகக் கொண்டுபோகாமல், நீர்மட்டத்துக்கு நன்கு மேலே உயர்த்தி, ஒரு வளைவு வளைத்துக் கீழே இறக்குகிறார்கள். ஆனால் வளைவு மட்டும் போதாது. பீப்பாய்க் குழாயும் மேலே வளைந்துதானே எண்ணெயைக் கடத்துகிறது? வளைவின் உச்சியில் ஒரு சிறு துளையும், அதில் காற்றை மட்டும் உள்ளே விடும் ஒரு சிறு வால்வும் வேண்டும். பம்பு நின்றதும் அந்தத் துளை வழியாகக் காற்று நுழைகிறது. நீர்த்தொடர் அறுபடுகிறது. வடிகுழாய் செயலற்றுப் போகிறது. ஒரு கடலையே ஒரு வாய்க் காற்று தடுத்து நிறுத்துகிறது எனலாம்! அந்தச் சிறு துளையில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், வளைவு இருந்தும் பயனில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை அந்த வால்வைக் கழற்றி வெந்நீரில் கழுவுவதைக் கவனமுள்ள படகுக்காரர்கள் தவறவிடுவதில்லை.

சீகாக்கின் உலோகத்தையும் கவனிக்க வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல்நீரில் கிடந்தால் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். பார்வைக்கு வால்வு அப்படியே இருக்கும். நிறம் மட்டும் இளஞ்சிவப்பாக மாறும். உள்ளே அது கடற்பஞ்சு போல் பொரிந்துவிட்ட வெறும் செம்பு. ஒரு நாள் கைப்பிடியைத் திருப்பும்போது கையோடு வந்துவிடும். வெண்கலத்தில், அதாவது செம்பும் வெள்ளீயமும் கலந்த கலவையில், இந்தத் தொல்லை இல்லை. ஆகவே படகுக்கு வெண்கல வால்வே உகந்தது. இவ்வளவுக்கும் பிறகு, ஒவ்வொரு சீகாக்கின் பக்கத்திலும் கூம்பு வடிவ மரத் தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வால்வு உடைந்தால் அதை அறைந்து அடைக்கலாம். மென்மரத்தாலான தக்கை நீரில் ஊறி உப்பி, துளையை இன்னும் இறுக்கமாக அடைத்துக்கொள்ளும்.

நீர்மூழ்கிக் கப்பலில் இந்த நிலைமை இன்னும் கடுமையாகிறது. ஆழம் 10 மீட்டர் கூடும்போதெல்லாம் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. 60 மீட்டர் ஆழத்தில் கழிவை வெளியே தள்ள வேண்டுமானால் கடலின் ஆறு வளிமண்டல அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மானியர்கள் ஆழத்திலேயே இயங்கும் கழிவறைகளைச் சில நீர்மூழ்கிகளில் பொருத்தினார்கள். வால்வுகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில்தான் திறந்து மூட வேண்டும். 1945 ஏப்ரல் 14 அன்று, ஸ்காட்லாந்துக் கரைக்கு அருகே, யு-1206 என்ற நீர்மூழ்கியில் கழிவறை வழியாகக் கடல்நீர் பீறிட்டு உள்ளே புகுந்தது. அந்த அறைக்குக் கீழே மின்கலங்கள் இருந்தன. உப்புநீர் மின்கலங்களில் புகுந்தால் மின்னோட்டம் உப்பைப் பிரித்துக் குளோரின் வாயுவை உண்டாக்கும். நச்சு வாயு பரவவே, கப்பல் நீர்மட்டத்துக்கு வரவேண்டியதாயிற்று. மேலே வந்ததும் எதிரி விமானங்கள் கண்டுவிட்டன. கப்பலைக் கைவிட்டு மூழ்கடிக்கும்படி ஆயிற்று; மாலுமிகளில் சிலர் உயிரிழந்தனர்.

ஏன் கடலில் விடக் கூடாது?

கடல் பரந்தது, ஒரு படகின் கழிவு அதற்கு எம்மாத்திரம் என்று கேட்கலாம். நடுக்கடலில் இந்தக் கேள்வி நியாயமானதே. சூரிய ஒளியும் உப்பும் கழிவிலுள்ள பாக்டீரியாக்களைக் கொல்கின்றன. மீதியை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. ஆனால் படகுகள் நடுக்கடலிலா நிற்கின்றன? அவை கூடுவது துறைமுகத்தில், கழிமுகத்தில், ஏரியில். மனிதர்கள் குளிப்பதும் சிப்பி எடுப்பதும் அங்கேதான். சிப்பி ஒரு நாளில் பல பத்து லிட்டர் நீரை வடிகட்டி உண்கிறது. நீரில் அங்குமிங்கும் இருந்த நோய்க் கிருமிகள் அதன் உடலில் திரள்கின்றன. அதைச் சமைக்காமல் உண்பவரின் கதி என்னவாகும்!

கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் இன்னொரு கேடு. வயலுக்கு உரம் போலவே இவை பாசிக்கு உரம். பாசி பெருகி, மடிந்து, அழுகும்போது நீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகிறது. மீன்கள் மூச்சுத் திணறுகின்றன. ஐரோப்பாவின் பால்டிக் கடல் இதற்குத் தக்க சான்று. சராசரி ஆழம் சுமார் 55 மீட்டர்தான். குறுகிய நீரிணைகள் வழியாகத்தான் வெளிக்கடலோடு தொடர்பு. அதன் நீர் முழுவதும் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். பயணிகள் கப்பல்கள் சுத்திகரிக்காத கழிவை அங்கே விடுவதற்குப் படிப்படியாகத் தடை வந்தது. புதிய கப்பல்களுக்கு 2019 முதலும், பழையவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2021 முதலும் அது நடைமுறைக்கு வந்தது.

உலகக் கடல்கள் அனைத்துக்குமான விதி 'மார்ப்போல்' என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பில் உள்ளது. ஒப்பந்தம் 1973இல் எழுதப்பட்டது. கழிவறை பற்றிய இந்த இணைப்பு நடைமுறைக்கு வந்ததோ 2003 செப்டம்பர் 27 அன்று. முப்பது ஆண்டுத் தாமதம்! எண்ணெய்க் கசிவுக்குக் காட்டிய வேகத்தை நாடுகள் இதற்குக் காட்டவில்லை. பன்னாட்டுப் பயணம் செய்யும் 400 டன்னுக்கும் மேற்பட்ட கப்பல்களுக்கும், 15 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்கும் இந்த விதி பொருந்தும். அரைத்துக் கிருமி நீக்கிய கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். அப்படிச் செய்யாத கழிவை 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விட வேண்டும். அதுவும் கப்பல் குறைந்தது 4 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சிறிது சிறிதாக. ஓடும் கப்பலின் பின்னே நீர் கலங்குவதால் கழிவு ஓரிடத்தில் தேங்காமல் சிதறுகிறது. விதியின் நோக்கம் அதுவே.

கரையோரத்தில் என்ன செய்வது? தேக்கி வைக்கத்தான் வேண்டும். அதற்கே படகில் தேக்கத் தொட்டி இருக்கிறது. துறைமுகத்தில் ஒரு பம்பு வந்து அதை உறிஞ்சிக் கரைச் சாக்கடைக்கு அனுப்பும். கைப்பம்புக் கழிவறை ஒரு தடவைக்கு 3 லிட்டர் நீர் எடுக்கிறது என்று கொண்டால், நால்வர் உள்ள படகில் ஒரு நாளைக்கு 70 லிட்டருக்கு மேல் சேர்ந்துவிடும். சிறிய படகின் தொட்டி ஓரிரு நாளில் நிரம்பும். கேரளத்தின் ஆலப்புழையில் வீட்டுப்படகு ஏறும் நம் குடும்பங்கள், இந்தத் தொட்டி எங்கே இருக்கிறது, அதை எங்கே காலி செய்கிறீர்கள் என்று படகுக்காரரை ஒரு வார்த்தை கேட்கலாம். அந்தக் கேள்விக்கு இடமளிக்கும் வேம்பநாட்டு ஏரி, 2002இல் பன்னாட்டுச் சிறப்புள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

படகுக் கழிவறை நாறுவது தொட்டி நிரம்பியதால் அல்ல. தொட்டிக்குள் இரண்டு வகை பாக்டீரியாக்கள் போட்டியிடுகின்றன. ஆக்ஸிஜனைச் சுவாசித்து வாழ்பவை ஒரு வகை. இவை கழிவைத் தின்று கார்பன் டைஆக்ஸைடையும் நீரையும் வெளிவிடும். இவற்றால் அருவருப்பான நாற்றம் எழுவதில்லை. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் பெருகுபவை மற்றொரு வகை. இவற்றுள் சில, சல்ஃபேட் உப்பிலிருந்து ஆக்ஸிஜனைப் பறித்துக்கொண்டு, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதுவே.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. ஆகவே கடல்நீரால் கழுவப்படும் கழிவறைத் தொட்டி இவற்றுக்கு ஒரு விருந்து மண்டபம்! கழிவே படாத உள்வரும் குழாய்கூட நாறும். படகு ஒரு வாரம் சும்மா நின்றால், குழாயில் தங்கிய கடல்நீரிலுள்ள நுண்ணுயிர்களும் சிறு பாசிகளும் செத்து அழுகிவிடும். முதல் தடவை பம்பை அடித்ததும் எழும் நாற்றம் அதனுடையது. படகை விட்டுப் போகுமுன் குழாயில் நன்னீர் விட்டுக் கழுவினால் இந்தத் தொல்லை தீரும்.

தொட்டிக்குக் காற்றுக் குழாய் அவசியம். ஆனால் விரல் பருமனுள்ள மெல்லிய குழாய் வைத்தால் உள்ளே காற்று புழங்காது. இரு பக்கத்திலும் இரண்டு அகன்ற குழாய்கள் வைத்தால் ஒன்றில் நுழைந்த காற்று மற்றொன்றில் வெளியேறும். மீன் தொட்டிக்குக் காற்றூதும் சிறு பம்பைப் போல ஒன்றை வைத்துக் கழிவுக்குள் குமிழி விடுபவர்களும் உண்டு. வாசனைத் திரவியங்களை ஊற்றுவதைவிட இது நூறு மடங்கு மேல் என்பது என் கருத்து. வாசனைத் திரவியம் நம் மூக்கை ஏமாற்றுகிறது. காற்றோ நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவை அடக்குகிறது.

தொட்டியைச் சரி செய்தும் நாற்றம் போகவில்லையா? குழாய்ச் சுவரின் ஊடே வாயு கசிகிறதா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, குழாயின் மேல் சுற்றி, ஆறியதும் முகர்ந்து பாருங்கள். துணியில் நாற்றம் ஏறியிருந்தால் அந்தக் குழாயின் ஆயுள் முடிந்தது.

அடுத்த எதிரி அடைப்பு. "முதலில் உங்கள் வயிற்றுக்குள் போய் வராத எதையும் இதில் போடாதீர்கள்" என்ற பொருளில் பல படகுகளில் எழுதி வைத்திருப்பார்கள். காகிதமே பெரிய குற்றவாளி. இந்த விஷயத்தில் தண்ணீரால் கழுவும் நம் பழக்கம் படகுக்கு மிகவும் ஏற்றது! ஆனால் காகிதமே போடாவிட்டாலும் குழாய் மெல்ல அடைபடும். சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் பிரித்து அம்மோனியாவாக்குகின்றன. நீர் காரத்தன்மை அடைகிறது. அப்போது கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கார்பனேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் படிகின்றன. வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் உப்புப் படிவதைப் போன்ற செய்கைதான் இது. ஒன்றரை அங்குலக் குழாய் சில ஆண்டுகளில் முக்கால் அங்குலமாகச் சுருங்கும். வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு ஒன்று, பம்பு வெளியேற்றிய கழிவு திரும்பி வராமல் தடுக்கிறது. அதன் உதடுகளில் இந்த உப்பு படிந்தால் அது மூடாது. தள்ளிய கழிவு கிண்ணத்துக்கே திரும்பிவிடும்.

படிந்த உப்பை அமிலம் கரைக்கும். மாதம் ஒரு முறை வினிகரை ஊற்றி இரவு முழுவதும் ஊறவிடுவது வழக்கம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். அமிலமும் பிளீச்சிங் திரவமும் ஒன்று சேரக் கூடாது; சேர்ந்தால் குளோரின் கிளம்பும். அடுத்தது பலருக்குத் தெரியாதது. பல நாள் தேங்கிக் கறுத்த கழிவில் சல்ஃபைடு கரைந்து கிடக்கிறது. அதில் வீரியமான அமிலத்தை ஊற்றினால் அத்தனையும் ஒரே நேரத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக எழும். ஆகவே முதலில் தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும். அதன் பின்பே அமிலம்.

இந்த உப்புப் படிவு பெரிய கப்பல்களையும் விடுவதில்லை. அமெரிக்கக் கடற்படையின் ஜெரால்டு ஃபோர்டு என்ற விமானந்தாங்கிக் கப்பலில் கழிவுக் குழாய்கள் எதிர்பாராத விதமாக அடிக்கடி அடைத்துக்கொண்டன. குழாய்களை அமிலத்தால் கழுவ ஒவ்வொரு முறையும் சுமார் 4 லட்சம் டாலர் செலவாகும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2020இல் கூறியது. 4,000 பேருக்கு மேல் வாழும் மிதக்கும் நகரம் அது!

பெரிய கப்பலில்

அந்தக் கப்பலில் உள்ளது வெற்றிட முறைக் கழிவறை. விமானத்தில் பயணம் செய்தவர்கள் அதன் 'விர்' என்ற சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். 1950களில் சுவீடனைச் சேர்ந்த ஜோயல் லில்ஜென்டால் என்பவர் இம்முறையை உருவாக்கினார். குழாய்களிலிருந்து பம்பு காற்றை இழுத்து, அழுத்தத்தை ஏறத்தாழ அரை வளிமண்டலத்துக்குக் குறைத்து வைக்கும். பொத்தானை அழுத்தினால் வால்வு சில நொடிகள் திறக்கும்; அறையிலுள்ள காற்று கழிவை முன்னே தள்ளிக்கொண்டு குழாய்க்குள் பாயும். தள்ளுவது காற்றாகையால் தண்ணீர் ஒரு லிட்டர் போதும். நம் வீட்டுப் பழைய தொட்டிகள் 10 லிட்டருக்கு மேல் கொட்டும். 3,000 பேர் உள்ள கப்பலில் ஆளுக்கு ஆறு முறை என்று கணக்கிட்டால், நாளொன்றுக்கு 180 டன்னுக்குப் பதிலாக 18 டன்! குழாய்கள் மெல்லியவையாக இருக்கலாம், மேல்நோக்கியும் செல்லலாம்.

ஆனால் இவ்வளவும் மின்சாரம் உள்ளவரைதான். 2013 பிப்ரவரி 10 அன்று மெக்சிகோ வளைகுடாவில் கார்னிவல் டிரையம்ப் என்ற சொகுசுக் கப்பலின் என்ஜின் அறையில் தீப்பற்றியது. தீயில் யாரும் சாகவில்லை. மின்சாரம் மட்டும் போயிற்று; அதனுடன் வெற்றிடமும் போயிற்று. நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர், கப்பல் அமெரிக்கக் கரைக்கு இழுத்து வரப்படும் வரை நான்கு நாட்களுக்கு மேல், பைகளிலும் வாளிகளிலும் காரியத்தை முடித்துக்கொள்ள நேர்ந்தது.

சேர்ந்த கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் என்ஜின் அறையில் இருக்கிறது. பல சரக்குக் கப்பல்களில் இது நான்காம் என்ஜினியரின் பொறுப்பு. நம் ஊர் இளைஞர்கள் பலர் கப்பல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழகும் இயந்திரங்களுள் இதுவும் ஒன்று. முதல் அறையில் ஊதுபம்பு இரவும் பகலும் காற்றை ஊதும். காற்றை விரும்பும் பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று பழுப்பு நிறத் துகள்களாகத் திரளும். இரண்டாம் அறையில் துகள்கள் படியும். படிந்ததில் ஒரு பகுதி முதல் அறைக்கே திரும்பும். மூன்றாம் அறையில் தெளிந்த நீர் குளோரினால் கிருமி நீக்கப்பட்டு வெளியேறும். 2016 முதல் பொருத்தப்படும் நிலையங்களில், வெளியேறும் நீரில் 100 மில்லிலிட்டருக்குக் குடல் பாக்டீரியா 100க்கு மேல் இருக்கக் கூடாது என்பது அளவு.

நிலையத்தின் உடல்நிலையை மூக்காலும் கண்ணாலும் அறியலாம். நலமான கலவை சாக்லேட் நிறத்தில், ஈர மண் வாசனையோடு இருக்கும். கறுத்து, முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை என்று பொருள். ஊதுபம்பு சில மணி நேரம் நின்றாலே போதும். நல்ல பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கும். அதைவிட அடிக்கடி நேர்வது இன்னொன்று. அறைகளைச் சுத்தம் செய்யும் பணியாளர், பாராட்டு வாங்கும் ஆர்வத்தில், வீரியமான கிருமிநாசினியைக் கழிவறையில் தாராளமாக ஊற்றிவிடுவார். மேலே கிண்ணம் பளபளக்கும். கீழே கோடிக்கணக்கான வேலையாட்கள் செத்துக் கிடப்பார்கள்! புதிதாக ஒரு கூட்டம் வளர ஓரிரு வாரம் ஆகும். அதுவரை நிலையம் பெயரளவுக்குத்தான்.

கொல்லும் வாயு

ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு இதைக் கண்டுகொள்ளும். ஆனால் 100 பங்கு அளவில் சில நிமிடங்களில் நுகர்ச்சி நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றதும் 'வாயு போய்விட்டது' என்று எண்ணுகிறோம். உண்மையில் கூடியிருக்கிறது! 1,000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்வார். சயனைடு நஞ்சைப் போலவே இதுவும், உடலின் செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியாதபடி தடுத்துவிடுகிறது. இது காற்றைவிடக் கனமானது. ஆகவே தொட்டியின் அடியில் தங்கும்.

இன்னொரு சூழ்ச்சியும் இதற்கு உண்டு. சோடாப் புட்டியை அசைக்காமல் வைத்தால் வாயு கரைந்தே கிடக்கும், குலுக்கினால் பொங்கும். கழிவுச் சேறும் அப்படியே. மூடியைத் திறந்து, கருவியால் சோதித்து, வாயு இல்லை என்று உறுதி செய்துகொண்டு இறங்கியவர், மண்வாரியால் சேற்றைக் கிளறிய மறுகணம் வாயு வெளிப்படலாம். குழாயைக் கழற்றுவதும் அதே போன்றது. 2005 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் நின்ற ஒரு பயணிகள் கப்பலில் குழாய் பழுது பார்க்கும்போது இந்த வாயு வெளிவந்து, பணியாளர் மூவர் இறந்தனர்.

நம் தெருக்களின் பாதாளச் சாக்கடையிலும் வீட்டு மலக்குழியிலும் மனிதர்களைக் கொல்வது இதே வாயுதான். 2013ஆம் ஆண்டுச் சட்டம், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் மனிதரை அவற்றில் இறக்குவதைத் தடை செய்கிறது. அப்படி இருந்தும் சாவுச் செய்தி நிற்கவில்லை. அந்தச் செய்திகளில் ஒரு கொடுமையான ஒற்றுமையைக் காணலாம். முதலில் ஒருவர் விழுகிறார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குகிறார், பிறகு மூன்றாமவர். கப்பல்களிலும் இதே வரிசைதான். காப்பாற்றப் போனவர்களே பலர் மாண்டிருக்கிறார்கள்.

ஆகவே மூடிய தொட்டிகளுக்குள் இறங்கும் பணியாளர்களைக் கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்பு ஒத்திகை நடத்த வேண்டும் என்று 2015 முதல் பன்னாட்டு விதி கட்டாயமாக்கியது. வாயுவை அளக்கும் கையடக்கக் கருவி கப்பலில் இருக்க வேண்டும் என்பது 2016 ஜூலை முதல் விதி. தொட்டியில் காற்றை ஊதி நிரப்பிய பிறகு, மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் அளக்கிறார்கள். ஆக்ஸிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு இருந்தால்தான் ஆள் இறங்கலாம். வேலை நடக்கும் நேரம் முழுவதும் ஊதுபம்பு ஓட வேண்டும். இறங்கியவரின் சட்டையில் அளவுகருவி ஒன்று தொங்க வேண்டும். வாசலில் ஒருவர் நிற்பார். அவருக்கு வேறு வேலை எதுவும் தரக் கூடாது. உள்ளே இருப்பவர் குரல் கொடுக்காவிட்டால் அவர் எச்சரிக்கை மணியை அடித்து ஆட்களைக் கூப்பிட வேண்டும். விழுந்து கிடப்பவர் தம் உயிர் நண்பராக இருந்தாலும், சுவாசக் கருவி அணிந்த குழு வந்து சேரும்வரை அவர் உள்ளே கால் வைக்கக் கூடாது.